நடந்தால் இறுக்கும், நின்றால் விடும்: கால் நாடி அடைப்பை வீட்டில் எப்படிச் சந்தேகிப்பது

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறார், சீனி வருத்தத்துக்குப் பல வருடமாகக் குளுசை போடுகிறார், பீடியை இன்னும் முழுதாக விடவில்லை. கொஞ்ச நாளாக நடக்கும்போது இடது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. அதே காலின் தொடையில் 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று எடுக்காமல் கிடக்கிறது, அதுதான் வேலையைக் காட்டுகிறது என்று அவர் சொல்கிறார், அம்மா இரவில் எண்ணெய் சுடவைத்து உருவிவிடுகிறார். இது நரம்பா, வாதமா, ஷெல் துண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வன்னியில் அரசாங்க வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன், அதில் பெரும்பகுதி புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில். காலைத் தொட்டுப் பார்க்காமல் இன்ன நோய்தான் என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: “சந்திக் கடைக்குப் போகிற வழியில் எப்போதும் அந்த மதகடியில் நிற்பார், யாரோடாவது இரண்டு கதை கதைத்துவிட்டுத் திரும்ப நடப்பார்.” நரம்பையும் வாதத்தையும் விட்டுவிட்டு முதலில் காலின் நாடியைப் பார்க்கச் சொல்லுகிற வரி அது.

நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அதன் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வருடக்கணக்கில் மெதுவாக ஒடுங்கிக்கொண்டு வரும். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வாய்க்கால் தூர்ந்தால் முன்வயல்களுக்கு எப்படியோ தண்ணீர் வந்துவிடும், கடைசி வயல்தான் முதலில் காயும். காலில் அந்தக் கடைசி வயல் விரல்கள். கதிரையில் சும்மா இருக்கும்போது கெண்டைச் சதைக்குக் கொஞ்ச இரத்தம் போதும், ஒடுங்கிய குழாயும் அதைக் கொடுத்துவிடும். நடக்கத் தொடங்கினால் சதை பல மடங்கு கேட்கும், அப்போது குழாயால் கொடுக்க முடியாது, சதை இறுகி நோகும். நின்றால் தேவை குறைந்து நோ விடும். கிளினிக் கொப்பியில் இதை பி.ஏ.டி. என்றோ பி.வி.டி. என்றோ ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள், வீட்டுக்காரருக்கு அது என்னவென்று பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நோவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இருக்கும்போது, படுத்திருக்கும்போது இல்லை. நடக்கத் தொடங்கியதும் இல்லை. ஒரு குறிப்பிட்ட தூரம் போனதும் வரும், நாளைக்கும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் வரும். நின்றாலே போதும், குந்தவோ படுக்கவோ தேவையில்லை, சில நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் அதே அளவு தூரத்தில் திரும்ப வரும். கெதியாக நடந்தால், மணலில் நடந்தால், வயற்சேற்றில் காலை இழுத்து நடந்தால், நெல் மூடையோடு குளக்கட்டு ஏறினால் அந்தத் தூரம் குறையும். உங்கள் அப்பாவின் மதகடி எப்போதும் அதே மதகடியாக இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது முந்தி இல்லாமல் இப்போது வந்ததா, முந்தி கடை வரைக்கும் நிற்காமல் போனவரா, இப்போது மதகடிக்கும் முன்னாலேயே நிற்கிறாரா என்று பாருங்கள். தூரம் மாதத்துக்கு மாதம் சுருங்கினால் தள்ளிப்போட வேண்டாம்.

நோ எங்கே வருகிறது என்பதை வைத்து அடைப்பு எங்கே என்று ஓரளவு ஊகிக்கலாம். அடைப்பு இருக்கும் இடத்துக்குக் கீழேயுள்ள சதைதான் நோகும். கெண்டைக்கால் என்றால் பெரும்பாலும் தொடை நாடியிலோ முழங்காலுக்குப் பின்னால் போகும் நாடியிலோ பிரச்சினை. தொடையும் குண்டிச்சதையும் சேர்ந்து நோகிறதென்றால் இன்னும் மேலே, வயிற்றுக்குள்ளோ இடுப்பிலோ இருக்கலாம், அப்படியான ஆண்களுக்கு ஆண்குறி விறைப்பதிலும் குறை வரலாம். நம்மவர்கள் இதை மகளுக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள், அதனால் டொக்டரோடு அவரைத் தனியே கதைக்க விடுங்கள்.

வீட்டில் கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். “கால் நோகுதா அப்பா?” என்று கேட்டால் “இல்லைப் பிள்ளை” என்றுதான் பதில் வரும். பலர் இதை நோ என்றே சொல்வதில்லை, கால் களைக்குது, சதை கட்டிப்போகுது, கால் இழுக்குது, விறைக்குது என்பார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். “நிற்காமல் எங்கே வரைக்கும் நடப்பீர்கள், எந்த இடத்தில் நிற்பீர்கள், எந்தக் கால் முதலில் நிறுத்தும்” என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளிலேயே எல்லா இடமும் போய்வருகிறவருக்கு இந்த அறிகுறி வரவே வராது, ஏனென்றால் அவர் அந்தத் தூரம் நடப்பதே இல்லை. மூட்டு நோவாலும் இளைப்பாலும் வீட்டோடு இருக்கிற ஆச்சிமாருக்கும் அப்படித்தான். இன்னொன்று, நாடி அடைபட்ட பலருக்கு நடக்கும்போது இப்படித் தெளிவான நோ வருவதேயில்லை. நெடுநாள் சீனி வருத்தத்தில் நரம்பு செத்துப்போன காலுக்கு நோ தெரியாது, அவருக்கு முதல் அறிகுறியே மாறாத புண்ணாக இருக்கலாம். ஆகவே நோ இல்லை என்பதை வைத்து நாடி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றக் கால் நோக்களை இதிலிருந்து எப்படிப் பிரிப்பது? முதுகெலும்புக்குள் நரம்பு நெருக்குப்படும்போதும் நடந்தால் கால் உளையும், இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. ஆனால் அவர்களுக்கு நின்றால் விடாது, நின்றுகொண்டிருப்பதே நோவைக் கூட்டும், குந்தினால் அல்லது முன்னுக்குக் குனிந்தால்தான் விடும், சைக்கிள் கைபிடியில் குனிந்துகொண்டு மிதித்தால் ஒரு குறையும் இல்லாமல் போவார்கள். நோ வரும் தூரமும் நாளுக்கு நாள் மாறும். முழங்கால் தேய்வு என்றால் முதல் அடியிலேயே நோகும், எழும்பும்போது கூடும். சீனி வருத்த நரம்பு நோ இரண்டு உள்ளங்காலிலும் எரியும், ஊசி குத்தும், பஞ்சில் நடப்பது போல இருக்கும், நடந்தாலும் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான், கால் சூடாகவே இருக்கும். நள்ளிரவில் கெண்டைச் சதை கட்டியாகத் திரண்டு துள்ள வைக்கிற பிடிப்பு வேறு சங்கதி, அது நல்ல காலுக்கும் வரும். நாளம் என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், நாளப் புடைப்பு, அதாவது அந்தப் பச்சைக் குழாய்கள் சுருண்டு தெரிகிற கால், பின்னேரம் பாரமாகி வீங்கும், காலை உயர்த்தினால் சுகம். நாடி அடைபட்ட கால் இதற்கு நேர் எதிர், உயர்த்தினால் கூடும், தொங்கவிட்டால் சுகம். ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணம், வயலில் குனிந்து நிமிர்ந்த 61 வயது முதுகில் தேய்வு இல்லாமலா இருக்கும். எக்ஸ்ரேயில் தேய்வு தெரிந்ததால் நாடியைப் பார்க்காமல் விடுவது அதனால்தான் அடிக்கடி நடக்கிறது.

சரி, ஷெல் துண்டு. வன்னியில் பலரின் கால் நோவுக்கு முதல் சொல்லப்படும் காரணம் இதுதான், சொல்வதில் நியாயமும் உண்டு, அந்த உடம்புகள் பட்டது கொஞ்சமல்ல. சதைக்குள் அசையாமல் கிடக்கிற துண்டு குளிருக்கு உளையலாம், அமர்த்தினால் நோகலாம், நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் சுள்ளென்று இழுக்கலாம். ஆனால் தொடையில் கிடக்கிற துண்டு, கெண்டைக்காலில், அதே மதகடியில், நின்றால் இரண்டு நிமிடத்தில் விடுகிற நோவைத் தர வழியில்லை, நாடியைத் தொட்டிருந்தாலொழிய. அந்த “ஒழிய”வை நான் சும்மா எழுதவில்லை. காயம் தொடையின் உட்புறத்திலோ முழங்காலுக்குப் பின்னாலோ பட்டிருந்தால் அந்த நேரம் நாடியும் கிழிந்திருக்கலாம், உயிரைக் காப்பாற்ற அதைக் கட்டி விட்டிருக்கலாம், அல்லது நாளத் துண்டு வைத்துத் தைத்திருக்கலாம், அந்தத் தையல் இடம் இப்போது ஒடுங்கலாம். காயப்பட்ட இடத்தில் துடிக்கிற கட்டி இருக்கிறதா, கை வைத்தால் அதிர்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உருவுவதை இன்றோடு நிறுத்திவிட்டு கிளினிக் நாள் வரை காத்திராமல் காட்டுங்கள். அப்போது எங்கே மருந்து கட்டினார்கள், சத்திரசிகிச்சை நடந்ததா, எவ்வளவு நாள் படுக்கையில் இருந்தார் என்று அவருக்கு நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து வைத்தியசாலைக் காகிதங்கள் பல இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன, நினைவுதான் மிச்சம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் உள்ளே உலோகம் இருப்பதை முதலே சொல்ல வேண்டும், இதை மறக்காதீர்கள்.

இனி நாளை காலை செய்ய வேண்டியது. அப்பாவைக் குளித்த பிறகு, வெளிச்சமான விறாந்தையில், சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. இடது கால் மற்றதைவிட மெலிந்திருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே மயிர் கொட்டித் தோல் மினுமினுப்பாக, இழுத்துக் கட்டினது போல இருக்கிறதா? நகம் தடித்து, வளைந்து, வளராமல் நிற்கிறதா? உங்கள் புறங்கையை முழங்காலிலிருந்து கீழே மெல்ல இறக்கிக்கொண்டு போங்கள், ஒரு காலில் ஓரிடத்தில் திடீரென்று குளிர் தொடங்கினால் கவனியுங்கள். பெருவிரல் நுனியை அமர்த்தி விட்டால் இரண்டு மூன்று செக்கனில் நிறம் திரும்ப வேண்டும். பிறகு விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள், குதியின் பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

அடுத்தது நாடித் துடிப்பு. இதற்குப் படித்திருக்கத் தேவையில்லை, பொறுமை வேண்டும். பெருவிரலை மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள், பாதத்தின் மேற்புறத்தில் கயிறு மாதிரி ஒன்று எழும்பும். பிறகு காலைத் தளரவிடச் சொல்லி, அந்தக் கயிற்றுக்குச் சற்று வெளிப்பக்கமாக, அதாவது சின்னவிரல் பக்கமாக, பாதத்தின் நடு உயரத்தில் மூன்று விரல் நுனிகளை மெதுவாக வையுங்கள். உங்கள் கைப் பெருவிரலால் பார்க்க வேண்டாம், உங்கள் துடிப்பே உங்களை ஏமாற்றும். அமர்த்தவும் வேண்டாம், அமர்த்தினால் இருக்கிற துடிப்பும் நின்றுவிடும், இதில்தான் புதிதாகப் பார்க்கிறவர்கள் தவறுகிறார்கள். அரை நிமிடம் அசையாமல் இருங்கள். கிடைக்கவில்லையென்றால் விரலை அரிசியளவு அங்கே இங்கே நகர்த்துங்கள். இரண்டாவது இடம் உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், அந்த எலும்புக்கும் குதிகாலின் பின்னால் மேலே போகும் தடித்த கயிறு போன்ற தசைநாணுக்கும் நடுவிலுள்ள பள்ளம். முதலில் உங்கள் காலில் தேடிப் பழகுங்கள், பிறகு அம்மாவின் காலில், அதற்குப் பிறகு அப்பாவின் வலது கால், கடைசியில் இடது. பாத மேற்புறத் துடிப்பு சில நல்ல கால்களிலும் கைக்கு எட்டாது, அதனால் அது ஒன்று மட்டும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஆனால் வலதில் இரண்டும் தெளிவாகத் தட்டி இடதில் இரண்டும் இல்லையென்றால், நடக்கும்போது வரும் இந்த நோவோடு சேர்த்து, எனக்குச் சந்தேகம் மிகவும் பலமாகிவிடும். துடிப்பு இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது, ஓய்வில் துடித்து நடந்தவுடன் மறைகிற கால்களும் உண்டு.

நிறத்தைப் பார்க்கும் சோதனை ஒன்றும் சொல்கிறேன். மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் பாதிச் சரிவுக்கு உயர்த்தி ஒன்று இரண்டு நிமிடம் பிடியுங்கள். நம்முடைய தோலில் வெளிறல் மேற்புறத்தில் தெரியாது, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நாடி அடைபட்ட உள்ளங்கால் சுண்ணாம்பு பூசினதுபோல வெளிறும். உடனே எழுப்பிக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள், நல்ல கால் கொஞ்ச நேரத்திலேயே நிறத்துக்கு வரும், கெட்ட கால் சுணங்கி, பிறகு வழமையைவிடக் கூடின கருஞ்சிவப்பாக மாறும்.

இந்தச் சிவப்பு ஆட்களை ஏமாற்றும், வைத்தியசாலைக்குள்ளேயே ஏமாற்றும். கிளிநொச்சிப் பக்கத்து ஐயா ஒருவரை மகன்மார் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கால் சிவந்து வீங்கியிருந்தது, கிருமிக்கு மருந்து போட்டுப் போட்டுக் குறையவில்லை என்றார்கள். பெருவிரல் நுனியில் ஒரு சின்னப் புண், நகம் வெட்டும்போது பட்டதாம், அடி வெளிறிக் காய்ந்து கிடந்தது. எங்கே படுக்கிறவர் என்று கேட்டேன். பிளாஸ்டிக் கதிரையில் என்றார்கள், கட்டிலில் படுத்தால் விரல் எரியுது என்று இரவு முழுக்கக் கதிரையில் காலைத் தொங்கப் போட்டபடி இருக்கிறார், மாதக் கணக்காக. வீக்கம் அங்கேயிருந்துதான் வந்தது. படுக்க வைத்துக் காலை உயர்த்தினோம், ஒரு நிமிடத்துக்குள் சிவப்பு முழுக்க வடிந்து உள்ளங்கால் காகிதம் போல ஆகிவிட்டது. கிருமிச் சிவப்பு உயர்த்தினால் அப்படி வடியாது, தொட்டால் சுடும், இவருடைய காலோ குளிர்ந்து கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டார்கள், பெருவிரல் போனது, கால் மிஞ்சியது.

ஆகவே இரவு நோவைத் தனியாகக் கேளுங்கள். நடந்தால் மட்டும் வருகிற நோ ஒரு கட்டம், அதோடு பல வருடம் கால் போகாமல் இருக்கிறவர்கள்தான் அதிகம். படுத்தால் விரல்களிலும் பாத முன்பகுதியிலும் எரிந்து, எழும்பி இருந்தால், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், குளிர்ந்த சீமெந்து நிலத்தில் ஊன்றி நின்றால் குறைகிற நோ வேறு கட்டம். ஓய்விலேயே இரத்தம் போதவில்லை என்று அர்த்தம். அப்படி நோகிறவரும் விரலிலோ குதியிலோ புண் அல்லது கறுப்பு வந்தவரும் அடுத்த மாதக் கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது, அந்தக் கிழமைக்குள்ளேயே சத்திரசிகிச்சை டொக்டர் பார்க்க வேண்டும்.

புண்ணைப் பற்றி. நாடி அடைப்புப் புண் விரல் நுனி, விரலிடுக்கு, குதி, செருப்பு உரசும் ஓரம் இவற்றில் வரும், சின்னதாக, ஓரம் வெட்டினதுபோல, அடி வெளிறி, இரத்தம் கசியாமல் இருக்கும், நரம்பு செத்திராவிட்டால் நன்றாக நோகும். உட்பக்கக் கணுக்காலுக்கு மேலே அகலமாக, ஈரமாக, சுற்றித் தோல் கறுத்து வருவது பெரும்பாலும் நாளப் புண். பாதத்தின் அடியில் தடித்த தோலுக்கு நடுவே நோகாத குழி என்றால் சீனி வருத்த நரம்புப் புண். கமக்காரருக்கு நான் சொல்லுவது சேற்றுப்புண்ணைப் பற்றி. உழவு விதைப்புக் காலத்தில் விரலிடுக்கு வெந்து அரிப்பது சாதாரணம், பல விரல்களில் வரும், வயலால் ஏறிக் காலைக் காயவிட்டு மருந்து பூசினால் ஆறும். ஒரே இடுக்கில், அரிப்பில்லாமல், நோவோடு அல்லது விறைப்போடு, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாமல், ஓரம் கறுத்துக்கொண்டு வருவதைச் சேற்றுப்புண் என்று வைத்துக்கொண்டிருந்து விரல் இழந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். சீனி வருத்தக்காரருக்கு இரண்டு கிழமைக் கணக்கும் கிடையாது, பாதத்தில் புண் என்றால் அடுத்த நாளே காட்ட வேண்டும். கறுப்பு ஈரமாகி மணத்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே.

இவையெல்லாம் மெதுவாக வருகிறவை. திடீரென்று வருவது ஒன்றும் உண்டு. நன்றாக இருந்த கால் சில நிமிடத்தில் அல்லது மணித்தியாலத்தில் கடுமையாக நொந்து, வெளிறி, ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, விறைத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் குழாய் சடுதியாக அடைபட்டுவிட்டது. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்களுக்கு அங்கேயிருந்து இரத்தக்கட்டி பறந்து வந்து அடைக்கும். கிட்டத்தட்ட 6 மணித்தியாலத்துக்குள் திறக்காவிட்டால் சதை சாகத் தொடங்கும். உருவாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், காலை உயர்த்தாதீர்கள், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், முல்லைத்தீவின் உள் ஊர்களிலிருந்து இன்னும் கூட, அதனால் வீட்டில் செலவழிக்கிற நேரம்தான் காலைத் தின்னும்.

அம்மாவின் எண்ணெய் உருவலைப் பற்றி மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அவர் அன்பால் செய்கிறார், மெல்லத் தடவுவதால் பெரிய கெடுதி இல்லை, ஆனால் குழாய்க்குள் இருக்கும் அடைப்பு உருவி இறங்காது. கெடுதி சூட்டில்தான். உணர்ச்சி குறைந்த, இரத்தம் குறைந்த காலுக்குச் சுடு எண்ணெய், மணல் ஒத்தடம், சுடுதண்ணிப் போத்தல், அடுப்படியில் கால் காய்ச்சுதல் எல்லாம் கொப்புளம் போட வைக்கும், அந்தக் கொப்புளம் ஆறாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வெறுங்காலோடு சுடுநிலத்தில் நடந்துவிட்டு உள்ளங்கால் வெந்தது தெரியாமலேயே வருகிற சீனி வருத்தக்காரர்கள் உண்டு. நேர்த்தி இருந்தால் விடியப்புறம் போய்வரட்டும். வீக்கத்துக்கென்று இறுக்கமான இலாஸ்டிக் பண்டேஜ் அல்லது மேசு போடுவதும் நாடி பார்த்த பிறகுதான், அடைப்புள்ள காலை இறுக்கிக் கட்டினால் இருக்கிற ஓட்டமும் போய்விடும்.

எந்த டொக்டரிடம் போவது என்றால், முதலில் அவருடைய சீனி வருத்தக் கிளினிக்தான். அங்கே சனம் கூட, செருப்போடு போய்ச் சீனி அளவைக் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள், யாருக்கும் காலைப் பார்க்க நேரமிருக்காது. நீங்கள் கூடப் போய், “அப்பாவுக்கு நடந்தால் இடது கெண்டைக்கால் இறுகுது, இவ்வளவு தூரத்தில் வருது, நின்றால் விடுது, இடது பாதத்தில் துடிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை” என்று இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எந்த டொக்டரும் செருப்பைக் கழற்றச் சொல்வார். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டி கட்டி, சின்ன டொப்ளர் கருவியால் ஓசை கேட்டு அளப்பார்கள், கணுக்கால் அளவைக் கையின் அளவால் பிரித்து வருவது 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. சீனி வருத்தத்திலும் சிறுநீரக வருத்தத்திலும் நாடி சுண்ணாம்பாகி இறுகிப்போவதால் இந்த எண் 1.4 க்கு மேலேகூட வரும், அது நல்ல செய்தி இல்லை, அவர்களுக்கு விரலில் அளக்க வேண்டும் அல்லது டொப்ளர் ஸ்கான் எடுக்க வேண்டும். மருந்து ஏற்றிக் குழாயைப் படமெடுக்கிற சோதனைக்கு முதல் சிறுநீரக இரத்தப் பரிசோதனை அவசியம், காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிற படியால் நம் ஆட்களுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்லுவேன்.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. புண்ணோ இரவு நோவோ இல்லாதவருக்கு முதல் மருந்து நடைதான். நோ வரும்வரை நடந்து, நன்றாக நொந்ததும் நின்று, விட்டதும் திரும்ப நடந்து, நிற்கிற நேரத்தோடு சேர்த்து அரை மணித்தியாலத்தில் தொடங்கி முக்கால் மணித்தியாலம் வரை, கிழமைக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம். நிற்காமல் போகும் தூரம் பலருக்கு நன்றாகக் கூடும். குளக்கட்டில் வெயில் ஏறமுதல் நடக்கட்டும், மூடின செருப்போடு. இதயம் முதலில் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் காலில் அடைப்பு இருக்கிறவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே படிவு இருக்க வாய்ப்புக் கூட. கால் போகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், மாரடைப்பும் பாரிசவாதமும்தான் இவர்களை அதிகம் கொண்டுபோகிறது. அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், கொழுப்புக்கு அட்டோவாஸ்டட்டின் என்று தருவது அதற்காக. கால் நோவுக்குத் தந்த குளுசை என்று நினைத்து, நோ குறையவில்லை என்று இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள், இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், அந்தக் குளுசை நோவுக்குத் தந்ததே இல்லை. நடையும் மருந்தும் போதாவிட்டால், அல்லது கால் ஆபத்தில் இருந்தால், பலூன் வைத்து விரிப்பதோ மாற்றுக் குழாய் போடுவதோ சத்திரசிகிச்சை நிபுணர் முடிவு செய்வார்.

பீடி. குறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த நோயில் குறைத்தது காணாது, ஒன்றும் இல்லாமல் விட வேண்டும், சுருட்டும் அதற்குள் அடக்கம். வீட்டில் பீடி பிடிக்கிற இளம் பெடியன்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், 45 வயதுக்குள்ளேயே விரல் நுனிகள் நொந்து, குளிர்ந்து, கறுத்துக்கொண்டு வருகிற பேர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது, கையிலும் வரும், சீனியும் கொழுப்பும் சரியாக இருக்கிறவருக்கும் வரும். அதற்குப் புகையிலையை முற்றாக விடுவதைத் தவிர நம்பத்தக்க வைத்தியம் இல்லை, ஒன்றிரண்டு பீடி மிச்சம் வைத்தாலும் அடுத்த விரலுக்குப் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், உங்கள் ஊரில் தேவைப்படும். ஒரு கால் போரில் போய்ப் பொய்க்காலோடு நடக்கிறவர்கள் இப்போது நாற்பது ஐம்பது வயதைத் தாண்டுகிறார்கள், சீனியும் பிரஷரும் அவர்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. மிஞ்சின காலில் இருக்கிற பாரம் கூட, அதில் வருகிற நோவைப் பாரத்தால் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பொய்க்கால் சரிபார்க்கப் போகிற ஒவ்வொரு முறையும் மற்றக் காலின் துடிப்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், மொட்டைக் காலின் நுனியில் ஆறாத உரசல் இருந்தால் அங்கேயும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவின் இரண்டு பாதத்திலும் துடிப்புத் தேடிப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை, இரவில் காலைத் தொங்கப் போடுகிறாரா என்று எழுதுங்கள். விரலிடுக்கிலோ குதியிலோ ஏதாவது புண் கண்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கிளினிக் நாள் இல்லையென்றால் ஓ.பி.டி.யில் காட்டுங்கள்.